சாலையின் மன்னனும் இருளின் இளவரசனும்: பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளின் பின்விளக்கு வரலாறு

பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிப்போரின் பேச்சு எஞ்சினில் தொடங்கும். கார்புரேட்டர், கியர்பெட்டி என்று நகரும். பெட்ரோல் டாங்கின் வண்ணத்திலும் அதன் ஓரத்தில் இழுத்த பொன்னிறக் கோட்டிலும் வந்து நிற்கும். பின்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் விளிம்பில், நம்பர் பிளேட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய சிவப்பு விளக்கையும், இருக்கைக்கு அடியிலிருந்து அதற்குச் செல்லும் இரண்டு மூன்று வயர்களையும் பற்றிப் பேசுவோர் அரியர். பணமும் பொறுமையும் தீர்ந்த நிலையில், கையில் கிடைத்த வயரை எங்கோ ஓரிடத்தில் முறுக்கி இணைத்து, விளக்கு எரிந்தால் போதும் என்று எழுந்துவிடுவதே வழக்கம்.

இந்தப் புறக்கணிப்பு நம் காலத்தில் தோன்றியதன்று. வண்டியை ஆக்கியவர்களிடமே அது இருந்தது. பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளின் மின்னமைப்பு மோசமானது என்ற பழிச்சொல் உலகெங்கும் உண்டு. அந்தப் பழி எங்கிருந்து வந்தது, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதற்குச் சான்று வேண்டுமானால் வண்டியின் பின்பக்க வயரைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். அதைப் பிரித்துப் பார்ப்பவருக்கு ஒரு கடமையும் உண்டு. அதனை இறுதியில் சொல்கிறேன்.

தள்ளுவண்டியில் தொடங்கிய வணிகம்

பர்மிங்ஹாம் நகரில் 1834-இல் பிறந்த ஜோசப் லூகாஸ், 1860களில் தள்ளுவண்டி ஒன்றில் மண்ணெண்ணெய் முதலிய பொருள்களை விற்றுப் பிழைத்தவர். எண்ணெயிலிருந்து விளக்குக்கு வந்தார். முதலில் கப்பல்களுக்கான விளக்கு; பிறகு மிதிவண்டிக்கான விளக்கு. சக்கரத்தின் நடுவே தொங்கும்படி அவர் செய்த மிதிவண்டி விளக்குக்குக் 'கிங் ஆஃப் தி ரோட்', அதாவது 'சாலையின் மன்னன்', என்று பெயரிட்டார். அவர் 1902-இல் மறைந்தபோது நிறுவனம் மோட்டார் வண்டிகளின் பக்கம் திரும்பியிருந்தது. பின்வந்த ஐம்பது ஆண்டுகளில் பிரிட்டனில் உருவான மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மின்கருவிகளை வழங்கியது லூகாஸ் நிறுவனமே. அதே பர்மிங்ஹாமின் மில்லர் நிறுவனம் சில வண்டிகளுக்கு வழங்கியது.

தொடக்க கால மோட்டார் சைக்கிளுக்கு விளக்கு ஓர் உறுப்பாகவே கருதப்படவில்லை. வண்டி ஒரு விலை, விளக்கு தனி விலை. வாங்கியவர் பெரும்பாலும் கார்பைடு விளக்கையே பொருத்திக்கொண்டார். கார்பைடு கட்டியின் மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழ, அசிட்டிலின் வாயு பிறக்கும். ரப்பர்க் குழாய் வழியே அது முன்விளக்குக்குச் செல்லும். பின்விளக்கு வேண்டுமென்றால் வண்டியின் நீளத்துக்கு இன்னொரு குழாய் ஓடும். காற்றிலும் குலுக்கலிலும் முதலில் அணைவது பின்சுடர். முன்விளக்கு அணைந்தால் ஓட்டுநர் அக்கணமே அறிவார். பின்விளக்கு அணைந்ததை அறியும் முதல் மனிதர் பின்னால் வரும் வண்டிக்காரர்தான். இந்தப் பழைய சிக்கல் மின்சாரம் வந்தபின்னும் தீரவில்லை.

மின்பொறி தரும் மேக்னெட்டோவுக்கு முதல் உலகப்போர் வரை பிரிட்டன் பெரிதும் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தையே நம்பியிருந்தது. 1914-இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. உள்நாட்டில் மேக்னெட்டோ செய்துவந்த தாம்சன்-பென்னெட் நிறுவனத்தை லூகாஸ் அதே ஆண்டில் வாங்கியது. 1920களில் மேக்னெட்டோவையும் டைனமோவையும் ஒரே கூட்டில் இணைத்த 'மேக்டைனோ' வந்தது. மின்விளக்கு இதன் பிறகே பரவலாயிற்று.

சட்டமும் போரும்

பின்விளக்கை வளர்த்தது ஓட்டுநர்களின் ஆசையன்று, சட்டம். 1927-இன் சாலைப் போக்குவரத்து விளக்குச் சட்டம் இரவில் செல்லும் வண்டிகள் பின்னால் செவ்வொளி காட்ட வேண்டும் என்று வகுத்தது. மிதிவண்டிகளுக்கு மட்டும் பிரதிபலிப்பான் போதும் என்ற சலுகை இருந்தது. சட்டம் கேட்ட அளவுக்கு விளக்கு வந்தது. அதற்கு மேல் ஓர் அணுவும் வரவில்லை. லூகாஸின் எம்.டி.110 என்ற சிறிய உருளை வடிவ விளக்கில் இருந்தது 6 வோல்ட், 3 வாட் பல்பு. பிரேக் பிடித்ததைக் காட்டும் இரண்டாவது ஒளி அதில் கிடையாது.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பிரிட்டன் இருட்டடிப்புக்குள் சென்றது. தெருவிளக்குகள் அணைந்தன, வண்டிகளின் முன்விளக்குகள் மூடியிட்டு மறைக்கப்பட்டன. விளைவு கொடியது. 1941-இல் பிரிட்டனின் சாலைகளில் இறந்தோர் 9,169 பேர். அந்நாட்டின் சாலை வரலாற்றில் இன்றுவரை இதுவே மிகக் கூடிய ஆண்டு எண்ணிக்கை. அக்காலத்தில்தான் பி.எஸ்.ஏ. எம்20, நார்ட்டன் 16எச் போன்ற ராணுவ மோட்டார் சைக்கிள்கள் பெருந்தொகையில் செய்யப்பட்டன; எம்20 மட்டும் ஏறத்தாழ 1,26,000. போர் முடிந்து அவை மலிவு விலைக்குப் பொதுமக்களிடம் வந்தபோது, தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற காலத்தின் பின்விளக்கோடு வந்தன.

1953-இல் பின்விளக்குகளுக்கென்றே பிரிட்டனில் தனிச் சட்டம் நிறைவேறியது. பிரதிபலிப்பானும் கட்டாயமாயிற்று. அந்தப் பத்தாண்டின் நடுவில் வந்த லூகாஸ் 564 விளக்கின் சிவப்பு மூடியிலேயே பிரதிபலிப்பான் வார்க்கப்பட்டிருந்தது. கீழே நம்பர் பிளேட்டுக்கு ஒளி விழ நிறமற்ற சாளரம். உள்ளே 6 வாட்டும் 18 வாட்டுமாக இரண்டு இழைகள் கொண்ட பல்பு. 6 வாட் இழை இரவு முழுதும் எரியும். 18 வாட் இழை பிரேக் மிதிக்கும்போது மட்டும் எரியும். ஆகவே ஒரு வண்டியின் பின்விளக்கைப் பார்த்தாலே அதன் காலத்தை ஓரளவு கணிக்கலாம். கல்வெட்டின் எழுத்தமைதியைக் கொண்டு நூற்றாண்டைச் சொல்வதைப் போன்றது இது.

கட்டிய கைகள்

பர்மிங்ஹாமின் ஹாக்லி பகுதியில், கிரேட் கிங் தெருவில், லூகாஸின் பெருந்தொழிற்சாலை இருந்தது. அங்கு வேலை செய்தோரில் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். 1931-இல் அங்கே பெடோ முறை என்ற வேலை அளவீட்டைப் புகுத்த நிர்வாகம் முனைந்தது. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அசைவையும் அளந்து, அதற்கேற்பக் கூலியை வகுக்கும் முறை அது. ஜெஸ்ஸி ஈடன் என்ற பெண் விரைவாக வேலை செய்பவர். அவருடைய வேகத்தையே எல்லோருக்கும் அளவுகோலாக்க முயன்றனர். அவர் தலைமையில் ஏறத்தாழ 10,000 பெண்கள் ஒரு வாரம் வேலையை விட்டு வெளியேறினர். நிர்வாகம் பின்வாங்கியது.

ஜெஸ்ஸி ஈடன் நம் வயரைக் கட்டியவர் அல்லர். ஆனால் 1930களின் வண்டி ஒன்றில், பருத்தி நூல் பின்னிய வயர்க் கொத்தில் ஒரு முடிச்சைக் காணும்போது, அது கடிகாரத்தோடு போராடிய ஒரு தலைமுறையின் வேலை என்பதை நினைக்காமலிருக்க முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்தும் அந்த முடிச்சு அவிழாமலிருப்பதைக் காணலாம். பழுதடைந்திருப்பது பெரும்பாலும் முடிச்சுக்கு அப்பால் உள்ளது.

பழுது எங்கே பிறந்தது?

'இருளின் இளவரசன்' என்று லூகாஸுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆங்கிலேயர் ஏன் வெதுவெதுப்பான பீர் குடிக்கிறார்கள், அவர்களுடைய குளிர்பதனப் பெட்டியும் லூகாஸ் செய்தது என்பதால்தான் என்ற நகைச்சுவை மோட்டார் ஆர்வலர் அனைவரும் கேட்டது. சாலையின் மன்னன் இருளின் இளவரசனாகத் தாழ்ந்தது எப்படி?

மின்சாரம் போவதற்கு ஒரு வழியும் திரும்புவதற்கு ஒரு வழியும் வேண்டும். பின்விளக்குக்குப் போகும் வழி மட்டுமே வயர். திரும்பும் வழி வண்டியின் இரும்பு. விளக்கின் கூட்டிலிருந்து நம்பர் பிளேட் தகடு, அதிலிருந்து மட்கார்டு, மட்கார்டிலிருந்து போல்ட் வழியாக ஃபிரேம், அங்கிருந்து பேட்டரி. ஒரு வயரின் செம்பு மிச்சம். ஆனால் இந்த வழியில் உள்ள ஒவ்வொரு போல்ட்டும் ஒரு மின்னிணைப்பாக வேலை செய்தாக வேண்டும். அதன் இடையே பெயிண்ட் இருக்கிறது, மழைநீர் இறங்குகிறது, துரு ஏறுகிறது. வண்டி முழுவதிலும் மிகுதியாக அதிரும் இடங்களில் மட்கார்டின் நுனியும் ஒன்று. அங்கேதான் மிக மெல்லிய இழை கொண்ட பல்பை வைத்தார்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 6 வோல்ட்டில் 18 வாட் பல்பு 3 ஆம்பியர் இழுக்கும். அதன் மின்தடை 2 ஓம். துருவேறிய போல்ட் ஒன்று அரை ஓம் தடையைச் சேர்த்தால், பல்புக்குக் கிடைப்பது 4.8 வோல்ட். ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது என்று தோன்றும். ஆனால் இழை பல்பின் ஒளி, மின்னழுத்தம் குறைவதைவிடப் பல மடங்கு விரைவாகக் குறையும். 4.8 வோல்ட்டில் ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். அதே 18 வாட் பல்பு 12 வோல்ட் வண்டியில் இருந்தால், அதே அரை ஓம் தடையில் ஒளி ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். 1960களின் நடுவில் பி.எஸ்.ஏ., டிரையம்ஃப் வண்டிகள் 12 வோல்ட்டுக்கு மாறியதில் கிடைத்த ஆதாயங்களில் இதுவும் ஒன்று.

திரும்பும் வழி முற்றிலும் அறுந்தால் நிகழ்வது இன்னும் விந்தை. விளக்குகளை அணைத்துவிட்டுப் பகலில் பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு எரியாது. முன்னால் வேகமானியின் சிறுவிளக்கு மங்கலாக மினுங்கும். 18 வாட் இழையின் வழியே வந்த மின்சாரம், எர்த் கிடைக்காமல், பக்கத்திலுள்ள 6 வாட் இழையில் ஏறி, வந்த வழியே முன்னால் ஓடி, வேகமானி விளக்கின் வழியாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. காரணம் அறியாதவர் இதைப் பேய் என்பார்; நகைச்சுவையாளர் லூகாஸ் என்பார். மின்சாரம் தன் விதியிலிருந்து ஓர் இம்மியும் பிறழவில்லை என்பதே உண்மை.

ஆக, பழியைப் பங்கிட்டுப் பார்க்க வேண்டும். உதிரிக்கு எவ்வளவு விலை தருவது, எந்த இடத்தில் பொருத்துவது, திரும்பும் வயர் வைப்பதா வேண்டாமா என்பதில் வண்டி செய்த நிறுவனங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1950களின் லூகாஸ் டைனமோ தந்தது 60 வாட். முன்விளக்கு 30, பின்விளக்கு 6, பிரேக் விளக்கு 18 என்று கூட்டினால் 54. இந்தக் கையிருப்பில் ஒரு குடும்பம் நடத்தலாம். விருந்து வைக்க முடியாது. எஞ்சிய பங்கு, பின்னால் வந்து கைவைத்த எண்ணற்ற பழுதுபார்ப்போருக்கு உரியது.

தலைகீழ் எர்த்

இக்கால வண்டிகளை மட்டும் அறிந்தவரை இடறச் செய்யும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இன்று பேட்டரியின் நெகட்டிவ் முனையே ஃபிரேமோடு இணைகிறது. 1950களின் தொடக்கத்திலிருந்து பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் பாசிட்டிவ் முனை ஃபிரேமோடு இணைந்தது. வயர் முனைகள் அரிக்கப்படுவது குறையும் என்பது இதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. அதனால் அவ்வண்டிகளில் எர்த் வயரின் நிறம் சிவப்பு. சிவப்பு என்றால் மின்சாரம் வரும் வயர் என்று பழகிய கை அதைத் தவறான முனையில் மாட்டும். டைனமோ வண்டி அந்தத் தவறைப் பொறுத்துக்கொள்ளக்கூடும். ஆல்டர்னேட்டர் வண்டியில் ரெக்டிஃபையர் கருகிப் போகும். 1960களின் டிரையம்ஃப் வண்டிகளில் பின்விளக்குக்குச் செல்வது பச்சைக் கோடிட்ட பழுப்பு வயர்; பிரேக் விளக்குக்குச் செல்வது வெறும் பழுப்பு. ஐம்பது ஆண்டு அழுக்கில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். மாற்றி இணைத்தால் 18 வாட் இழை ஓயாமல் எரியும்; பிரேக் மிதிக்கையில் 6 வாட் சேரும். பின்னால் வருபவர் அந்த வேறுபாட்டைக் கண்டறிவது கடினம். விளக்கு எரிகிறதே என்று ஓட்டுநர் நிம்மதியாக இருப்பார். எரியாத விளக்கைவிட இது கொடியது.

பதிப்பாசிரியரின் வேலை

தமிழ் படித்தவனுக்கு இவ்விடத்தில் ஏட்டுச்சுவடிப் பதிப்பு நினைவுக்கு வருவது இயல்பு. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கி, பாடபேதங்களைக் குறித்து, எது மூலம் எது பிறர் கை என்று பிரித்தறிந்தார். பின்பக்க வயரைப் பிரிப்பவர் செய்வதும் அதுவே. தொழிற்சாலை இணைப்பு, உருண்டை முனையில் ஈயம் பற்றவைத்து ரப்பர் உறைக்குள் செருகியதாக இருக்கும். டேப்பு சுற்றிய முறுக்கு, வேறு நிற வயரில் ஓர் ஒட்டு, முனையில் பிளாஸ்டிக் இணைப்பான் எல்லாம் இடைச்செருகல்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு சாலையோரத்தில் எழுதியது.

எனவே முதல் வேலை வெட்டுவதன்று, எழுதிக்கொள்வது. எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது, மட்கார்டின் உட்புறத்தில் எந்தக் கொக்கிகளில் அடங்கியிருந்தது, பின்சக்கரத்தைக் கழற்றுவதற்காக மட்கார்டின் பின்பகுதி பிரியும் வண்டியானால் அங்கே இணைப்பான் எவ்விடத்தில் இருந்தது என்று படம் வரைந்து, புகைப்படமும் எடுத்துவைக்க வேண்டும். பிறகு பழைய கொத்தை முழுதாகக் கழற்றி, உறையிட்டு, வண்டியின் பெயரெழுதிப் பாதுகாக்க வேண்டும். குப்பையில் போட்ட வயருக்கு மறுபதிப்பு கிடையாது.

வயரின் உள்ளே பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றமே. பழைய ரப்பர் காய்ந்து அப்பளம்போல் நொறுங்கும். செம்பில் களிம்பு ஏறியிருக்கும். உயிருக்கும் ஆணவ மலத்துக்கும் செம்பையும் களிம்பையும் உவமை காட்டுவர் சைவ சித்தாந்திகள்; செம்போடு பிறந்ததுபோல் ஒட்டிய அந்தப் பச்சை, சுரண்டினால் முனையில் போகும், உறைக்குள் தொடரும். அத்தகைய வயரில் ஈயம் பற்றாது. புதிது போடுவதே முறை. வெளியே பருத்தி நூல் பின்னலும் உள்ளே பிவிசி உறையும் கொண்ட வயரை இன்று பிரிட்டனின் உதிரி வணிகர்கள் விற்கிறார்கள். பழைய அளவு, 0.012 அங்குலத் தடிமனில் 14 இழைகள், இன்றைய 0.30 மில்லிமீட்டர் இழைகள் 14 அதற்கு ஈடாகும்.

திருகுகளிலும் கவனம் வேண்டும். மின்கருவிகளின் நுண்திருகுகள் பி.ஏ. என்னும் மரையின, வண்டியின் போல்ட்டுகளில் பல, அங்குலத்துக்கு 26 சுற்றுக் கொண்ட மிதிவண்டி மரையின. மெட்ரிக் திருகு ஏறக்குறைய நுழையும். இரண்டு சுற்றுக்குப் பின் மரையை அழிக்கும். பிரேக் கம்பியில் சுருள்வில்லால் இணையும் சுவிட்சையும் மறந்துவிடக் கூடாது. வில் தளர்ந்தால் விளக்கு தாமதமாகும், இறுகினால் அணையாது.

இனி, மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்ற வினா. தூய்மைவாதிகள் கூடாது என்பர். நான் இரண்டைச் சேர்க்கலாம் என்பேன். ஒன்று, விளக்கின் கூட்டிலிருந்து பேட்டரிக்கே நேராகத் திரும்பும் தனி எர்த் வயர். துருப்பிடித்த போல்ட்டுகளின் நல்லெண்ணத்தை நம்ப வேண்டிய நிலை அதனால் நீங்கும். மற்றொன்று, பேட்டரிக்கு அருகில் 15 ஆம்பியர் ஃப்யூஸ். டைனமோ காலத்து வண்டிகள் பலவற்றில் ஃப்யூஸே கிடையாது; மட்கார்டில் உரசி உறை கிழிந்த ஒரு வயர் முழுக் கொத்தையும் எரித்துவிடும். இவ்விரண்டும் கண்ணுக்குத் தெரியாமல் அமையும். வேண்டாதபோது வடுவின்றி எடுத்துவிடலாம். அடைப்புக்குறிக்குள் இட்ட பதிப்பாசிரியரின் சொல்லைப்போல, மூலத்தோடு கலவாமல் மூலத்துக்குத் துணை நிற்கும்.

எல்.இ.டி. பல்பு போடுவோர் இன்று மிகுதி. சிறிய டைனமோவுக்கு அது பெரிய உதவி. ஆனால் பாசிட்டிவ் எர்த்துக்கு ஏற்றதைத் தேர வேண்டும். சிவப்பு எல்.இ.டி. போட்டால் கீழ்ச் சாளரம் வழியே நம்பர் பிளேட்டிலும் செவ்வொளி விழும். நம்பருக்கு வெள்ளொளி தரும் பல்புகளும் கலந்த வகையை வாங்குவதே சரி.

சென்னையில் தொடரும் கிளை

இந்த வரலாற்றின் ஒரு கிளை நம் ஊரில் வேர் பிடித்தது. ரெட்டிச் நகரின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவாயிற்று. 1961-இல் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின, பாடியில் அதன் ஆலை அமைந்தது. பிரிட்டனில் பி.எஸ்.ஏ. 1973-இல் சரிந்தது. டிரையம்ஃபின் மெரிடன் ஆலை 1983-இல் மூடியது. லூகாஸ் 1996-இல் வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது. தனித்த பெருநிறுவனமாக அது இன்றில்லை. கிரேட் கிங் தெருவின் தொழிற்சாலையும் இடிக்கப்பட்டுவிட்டது.

தொழிற்சாலை போனபின் அதன் ஆவணம் எதுவென்றால், உலகெங்கும் கொட்டகைகளில் கிடக்கும் அந்த வண்டிகளே. எஞ்சினுக்கு நூல்கள் இருக்கின்றன; டாங்கின் வண்ணத்துக்கு நிறப்பட்டியல் இருக்கிறது. மட்கார்டுக்கு அடியில் ஒரு வயர் எந்தக் கொக்கியில் வளைந்து சென்றது என்பதைச் சொல்லப் பெரும்பாலும் அந்த வயர் மட்டுமே இருக்கிறது. அதைக் குறித்துவைப்பது கழிந்தவர்களுக்குச் செய்யும் கடமை. அதன் இடத்தில் பழுதற்ற வயரை இழுத்து, தனி எர்த் கொடுத்து, பிரேக் மிதித்ததும் விளக்கு பளிச்சென்று எரியச் செய்வது, மழையிரவில் பின்னால் வரும் முகமறியாத ஒருவருக்குச் செய்யும் கடமை. இரண்டும் ஒரே மாலைப்பொழுதின் வேலைதான். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை.